டைமர் அத்தியாயம் தமிழில் வேண்டும்

ஓசூரிலிருந்து வடக்கே ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். பெங்களூருக்கு நாற்பது கிலோமீட்டர்தான். இந்த நாற்பது கிலோமீட்டருக்குள் சத்தமில்லாமல் ஒரு வேலைப் பங்கீடு நடந்து முடிந்திருக்கிறது. ஏதர் மின்ஸ்கூட்டர் பெங்களூரில் வடிவமைக்கப்பட்டு, 2021 முதல் ஓசூரில் தயாராகிறது. ஓலா மின்ஸ்கூட்டரின் தலைமையகம் பெங்களூரில். ஆலை கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில். எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. 1980இல் டிவிஎஸ் 50 மொபெட்டைக் கொண்டுவந்து, 2020இல் ஐக்யூப் மின்ஸ்கூட்டரையும் வெளியிட்ட டிவிஎஸ் மோட்டாரின் ஆராய்ச்சிப் பிரிவு ஓசூரிலேயே இருக்கிறது. ஆயினும் பொதுப்போக்கு வேறு. மின்சுற்றுப் பலகையைப் பெட்டியில் வைத்துத் திருகாணி முடுக்குவது எல்லைக்கு இந்தப் பக்கம். அந்தப் பலகையில் இருக்கும் சில்லு என்ன செய்யவேண்டும் என்று எழுதுவது அந்தப் பக்கம்.

இதற்கு முதலீடு, பெருநகரத்தின் ஈர்ப்பு, மாநில அரசுகள் தரும் சலுகை எனக் காரணங்கள் பல. அவற்றைப் பொருளாதாரம் தெரிந்தவர்கள் எழுதட்டும். இலக்கிய வாசகர்கள் கவலைப்படத்தக்க காரணம் ஒன்றும் உண்டு. அது வாசிப்பு சம்பந்தப்பட்டது. ஒவ்வொரு நுண்கட்டுப்படுத்திக்கும், அதாவது மைக்ரோகன்ட்ரோலருக்கும், தயாரித்தவர் ஒரு டேட்டாஷீட் தருகிறார். ஷீட் என்று பெயர்தானே தவிர, பல நூறு பக்கப் புத்தகம் அது. அதில் டைமர்களைப் பற்றிய அத்தியாயத்தைத் தானே வாசித்துப் பொருள்கொள்ளக் கூடியவர் நிரல் எழுதும் வேலையின் வாசற்படியில் நிற்கிறார். முடியாதவர் பிறர் எழுதியதைப் பிரதியெடுக்கிறார். அந்த அத்தியாயத்தைத் தொடர்ச்சியான நல்ல தமிழ் உரைநடையில் நான் வாசித்ததில்லை. அது எழுதப்படவேண்டும், அதுவும் உரைநடை தெரிந்தவர்கள் எழுதவேண்டும் என்பது என் கட்சி.

என்னதான் இருக்கிறது அதில் என்று கேட்கலாம். முல்லைப்பாட்டில், பாசறையில் இருக்கும் அரசனிடம் நாழிகைக் கணக்கர் வந்து பொழுது இவ்வளவு ஆயிற்று என்று அறிவிக்கும் இடம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். நாழிகை வட்டிலில் ஒரு வகை மிக எளியது. அடியில் சிறு துளையிட்ட கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டால், நீர் மெல்ல ஏறி, நிறைந்ததும் கிண்ணம் அமிழும். அமிழ்ந்தால் ஒரு நாழிகை, நம் கணக்கில் இருபத்துநான்கு நிமிடம். எடுத்துக் கொட்டிவிட்டு மறுபடி மிதக்கவிட வேண்டும். சில்லுக்குள் இருக்கும் டைமரும் இதுவே. நீருக்குப் பதில் படிகத்தின் துடிப்பு. எட்டு பிட் கிண்ணம் 256 துடிப்பில் நிறையும், பதினாறு பிட் கிண்ணம் 65,536 துடிப்பில். நிறைந்ததும் தானாகவே சுழியத்துக்குத் திரும்பிவிடும். துளையைச் சிறிதாக்கினால் நிறைய நேரமாகும் அல்லவா? அந்த வேலையைச் செய்வது பிரீஸ்கேலர். எட்டுத் துடிப்புக்கு ஒன்று, அறுபத்துநான்கு துடிப்புக்கு ஒன்று என்று எண்ணச் சொல்வது. அரசன் எழுந்துவந்து கிண்ணத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. கணக்கர் வந்து சொல்கிறார். கைவேலையை ஒரு கணம் நிறுத்திக் கேட்டுவிட்டு, விட்ட இடத்துக்கே அரசன் திரும்புகிறான். இதுதான் இன்டரப்ட். பாடநூல்கள் குறுக்கீடு என்கின்றன.

ஓசூருக்கு இந்த விஷயம் அந்நியமானதும் அல்ல. 1984இல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூர் ஆலையில் குவார்ட்ஸ் கைக்கடிகாரங்களைச் செய்யத் தொடங்கியது. பொதுவாகக் குவார்ட்ஸ் கடிகாரத்தின் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த முரட்டு எண்? பதினைந்து முறை பாதியாக்கிக்கொண்டே போனால் மிச்சமில்லாமல் ஒன்று வரும். நொடிக்கு ஒன்று. அந்த ஒன்றைக் கொண்டு சில மில்லிநொடி நீளமுள்ள ஒரு துடிப்பு சின்னஞ்சிறு மோட்டாருக்குப் போகிறது, நொடிமுள் ஓர் அடி எடுத்து வைக்கிறது. அதே படிகத்தை ஏடிமெகா328பி சில்லின் டைமர்2க்குக் கொடுத்து, பிரீஸ்கேலரை 128 என்று வைத்தால், நொடிக்கு 256 எண்ணிக்கை வரும். எட்டு பிட் கிண்ணம் நொடிக்கு ஒருமுறை துல்லியமாக நிறைந்து வழியும். கைக்கடிகார ஆலையும் மின்ஸ்கூட்டர் ஆலையும் ஒரே ஊரில் அமைந்தது தற்செயல்தான். ஆனால் இரண்டின் உள்ளேயும் இருப்பது எண்ணிக்கையும் துடிப்புமே.

துடிப்பின் அகலத்தை மாற்றுவது அடுத்த படி. பட்டறைகளில் பிடபிள்யூஎம் என்பார்கள். சில்லின் காலுக்கு ஆம், இல்லை என்ற இரண்டு சொற்கள்தான் தெரியும். பாதி என்று சொல்ல வராது. எனவே அது ஒரு சுற்றில் பாதி நேரம் ஆம் என்றும் மீதி நேரம் இல்லை என்றும் சொல்கிறது. சுற்று போதிய வேகத்தில் வந்தால் மோட்டார் அதைப் பாதி என்று புரிந்துகொள்கிறது. டைமர் சுழியத்திலிருந்து எண்ணத் தொடங்கும்போது கால் உயர்கிறது. நாம் எழுதிவைத்த ஓர் எண்ணைத் தொட்டதும் தாழ்கிறது. எல்லையைத் தொட்டதும் எல்லாம் புதிதாகத் தொடங்குகிறது. அவ்வளவுதான். அந்தச் சில்லை 16 மெகாஹெர்ட்ஸில் ஓட்டி, எல்லையை 639 என்று வைத்தால், சுழியத்தையும் சேர்த்து 640 எண்ணிக்கைக்கு ஒரு சுற்று, நொடிக்கு 25,000 சுற்று. காதுக்கு எட்டாத வேகம். அருடினோவின் ஆயத்த வரியை மட்டும் நம்பினால் பெரும்பாலான கால்களில் கிடைப்பது நொடிக்குச் சுமார் 490 சுற்று. மோட்டார் சன்னமாக ஊளையிடுவது நன்றாகவே கேட்கும்.

இனி டேட்டாஷீட்டுக்கு வருவோம், அங்கேதான் வாசிப்பு தேவைப்படுகிறது. டைமர்1 எந்த முறையில் எண்ணவேண்டும் என்பதை நான்கு பிட்டுகள் தீர்மானிக்கின்றன. அந்த நான்கும் ஒரே இடத்தில் இல்லை. இரண்டு பிட் டிசிசிஆர்1ஏ என்ற ரெஜிஸ்டரில், இரண்டு பிட் டிசிசிஆர்1பியில். இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் பொருள் வரும். கொண்டுகூட்டுப் பொருள்கோள் படித்த தமிழ் மாணவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம் போதும். மேலே சொன்ன 25,000 சுற்றுக்கு வேண்டியது பதினான்காம் முறை. பிட்டுகள் 1, 1, 1, 0. எல்லை ஐசிஆர்1 ரெஜிஸ்டரில், அதாவது 639. கால் தாழவேண்டிய எண் ஓசிஆர்1ஏயில். பாதி வேகத்துக்கு 319.

இதில் ஒரு சிக்கல். அருடினோ பலகை உயிர்பெறும்போதே அதன் மென்பொருள் இந்த ரெஜிஸ்டர்களில் தன் விருப்பப்படி சிலவற்றை எழுதிவைத்துவிடுகிறது. நான்கு பிட்டுகளில் கடைசியை 1 ஆக்கிவைக்கிறது, பிரீஸ்கேலரை 64 ஆக்கிவைக்கிறது. மாணவர் இணையத்தில் கண்ட வரிகளைப் பிரதியெடுக்கிறார். அந்த வரிகள் பழையதை அழித்து எழுதாமல், பழையதோடு சேர்த்து எழுதுகின்றன. 1, 1, 1, 0 எழுதப்போன இடத்தில் 1, 1, 1, 1 நிற்கிறது. பதினைந்தாம் முறை. இந்த முறையில் ஓசிஆர்1ஏதான் எல்லை. கால் தாழவேண்டிய எண்ணும் அதுவே. எல்லையும் இறக்கமும் ஒரே எண்ணானால் கால் தாழ்வதே இல்லை. பாதி வேகத்தில் சுற்றவேண்டிய விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது, டைமர் உள்ளே நொடிக்கு 781 சுற்று மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கம்பைலர் வாய் திறப்பதில்லை, இலக்கணப்படி எல்லா வரியும் சரிதான். அட்டவணையை வாசித்தவருக்கு ஐந்து நிமிடத்தில் பிடிபடும் இது, வாசிக்காதவருக்கு ஒரு வார மர்மம். பலகை கெட்டுவிட்டது என்று புதுப்பலகை வாங்குகிறவர்களும் உண்டு.

விசிறி அதிக வேகத்தில் சுற்றினால் யாருக்கும் நஷ்டமில்லை. மின்ஸ்கூட்டரில் அப்படி அல்ல. அதன் மோட்டாருக்கு மூன்று கம்பிகள் போகின்றன. ஒவ்வொரு கம்பிக்கும் மேலே ஒரு மாஸ்ஃபெட், கீழே ஒன்று, மொத்தம் ஆறு மின்கதவுகள். மேல் கதவு திறந்தால் கம்பி பேட்டரியின் நேர்முனையோடு சேரும், கீழ்க் கதவு திறந்தால் எதிர்முனையோடு. இரண்டும் ஒரே சமயத்தில் திறந்துவிட்டால் பேட்டரியின் இரு முனைகளும் நேருக்கு நேர் சந்திக்கும். புகைதான். ஒரு கதவு மூடி முடிய நேரம் எடுக்கும் என்பதால், ஒன்றை மூடியபின் சற்றே பொறுத்துத்தான் மற்றதைத் திறக்கவேண்டும். டெட் டைம் என்று பெயர். எஸ்டிஎம்32எஃப்103 போன்ற சில்லில் இதற்கென்றே ஒரு ரெஜிஸ்டர் உண்டு, பிடிடிஆர். அதன் கடைசி எட்டு பிட்டில் இந்தப் பொறுமையின் அளவை எழுதவேண்டும். 72 மெகாஹெர்ட்ஸ் துடிப்பில் 72 என்று எழுதினால் ஒரு மைக்ரோநொடி. எழுத மறந்தால் சுழியம். அதே ரெஜிஸ்டரில் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. மின்னோட்டம் எல்லை மீறினால், நிரலின் அனுமதிக்குக் காத்திராமல், ஆறு கதவுகளையும் வன்பொருளே அமர்த்திவிடும். நிரல் எங்கோ சிக்கிச் செயலற்று நிற்கும்போதும் இது வேலை செய்யும். இந்த வசதியை இயக்குவது ஒரே ஒரு பிட். அந்தப் பிட்டைப் பற்றிய பத்தியை வாசித்தவருக்கும் வாசிக்காதவருக்கும் இடையே இருப்பது, வண்டியில் போகிறவரின் பாதுகாப்பு.

எண்ணும் முறையிலும் ஒரு நயம் உண்டு. ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று சுழியத்தில் விழும் டைமர் ஒன்று. எல்லை வரை ஏறி, அதே படிகளில் இறங்கிவரும் டைமர் இன்னொன்று. மோட்டார்க்காரர்களுக்கு இரண்டாவதுதான் விருப்பம். துடிப்பு இருபுறமும் சமச்சீராக விரியும். அதன் நடுக்கணத்தில் எந்தக் கதவும் திறப்பதோ மூடுவதோ இல்லை. சலனம் அடங்கிய அந்தக் கணத்தில் டைமரே சைகை கொடுத்து மின்னோட்டத்தை அளக்கச் செய்வார்கள். அளந்ததும் இன்டரப்ட், கணக்கு, அடுத்த சுற்றுக்கான புதிய அகலம். நொடிக்குப் பல ஆயிரம் முறை. திராட்டிலை முறுக்குகிறவருக்கு வண்டி இழைந்து கிளம்புகிறது என்று மட்டும் தெரியும்.

இன்டரப்ட் பற்றிச் சொல்லவேண்டியது இன்னும் ஒன்று. எட்டு பிட் சில்லில் பதினாறு பிட் எண்ணை ஒரே மூச்சில் வாசிக்க முடியாது, இரண்டு பாதியாகத்தான் வாசிக்கவேண்டும். எண் 255 ஆக இருக்கும்போது கீழ்ப்பாதியை வாசித்தாயிற்று என்று கொள்வோம். அந்த நொடித்துளியில் இன்டரப்ட் வந்து எண்ணை 256 ஆக்கிவிட்டுப் போகிறது. திரும்பிவந்து மேல்பாதியை வாசித்தால் கையில் கிடைப்பது 511. பழைய சுவடியில் பாதி, புதிய சுவடியில் பாதி. இது நாள்முழுதும் நடக்காது, எப்போதோ ஒருமுறை நடக்கும். பதிப்பாசிரியர்கள் அறிந்த பாடபேதத்தைவிடக் கொடுமையானது, ஏனென்றால் தேடும்போது கிடைக்காது. வாசிக்கும் அந்த இரண்டு கணத்துக்கு மட்டும் இன்டரப்ட்டை நிறுத்திவைப்பதே மருந்து.

இதெல்லாம் கல்லூரியில் சொல்லித்தரப்படாமல் இல்லை. 1980இல் இன்டெல் வெளியிட்ட 8051 சில்லை முன்வைத்து நம் கல்லூரிகள் தலைமுறை தலைமுறையாகப் பாடம் நடத்தியிருக்கின்றன. 12 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில் ஐம்பது மில்லிநொடித் தாமதம் வேண்டுமானால் டைமரில் என்ன ஏற்றவேண்டும் என்று கேட்டால், 3சி பி0 என்று மாணவர்கள் உறக்கத்திலும் சொல்வார்கள். 65,536இலிருந்து 50,000ஐக் கழித்தால் 15,536, அதைப் பதினாறின் அடிமானத்தில் எழுதினால் அது. ஆனால் ஏன் கழிக்கவேண்டும் என்று கேளுங்கள். கிண்ணம் காலியாகத் தொடங்காமல் பாதி நீரோடு தொடங்கினால் சீக்கிரம் அமிழும் என்பதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. இந்த ஒரு வாக்கியத்தைத் தமிழில் கேட்டிராத காரணத்தால் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்கிறார்கள். 2010இல் தமிழ்வழிப் பொறியியல் தொடங்கப்பட்டபோதும் கட்டுமானம், இயந்திரவியல் என்ற இரு துறைகளுக்கே அது கிடைத்தது. மின்னணுவியலுக்கு இல்லை.

இந்த இடத்தில் ஓசூர்க்காரர் ஒருவரை நினைவுகூர வேண்டும். ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் 1878இல் பிறந்தவர் ராஜாஜி. அரசியல்வாதியாக, சக்கரவர்த்தித் திருமகனின் ஆசிரியராக அவரை அறிந்த அளவுக்கு, 1916இல் சேலத்தில் அறிவியல் கலைச்சொற்களுக்காக ஒரு சங்கமும் பத்திரிகையும் நடத்தியவராக நாம் அறியவில்லை. அவரே பிற்காலத்தில் திண்ணை ரசாயனம் என்று ஒரு புத்தகமும் எழுதினார். இரண்டும் வெவ்வேறு வழிகள். முதலாவது சொற்பட்டியல் தயாரிப்பது. இரண்டாவது, உட்கார்ந்து விளக்குவது. நூறாண்டுகளாக நாம் முதல் வழியிலேயே மிகுதியாக நடந்திருக்கிறோம் என்று தோன்றுகிறது. துடிப்பு அகலப் பண்பேற்றம் என்று ஒரு சொல் அகராதியில் இருக்கிறது. பிழையில்லாத சொல். ஆனால் அதைச் சுற்றி நாலு வாக்கியம் இல்லாமல் அது பூட்டிய பெட்டிபோலக் கிடக்கிறது. டைமர், ரெஜிஸ்டர், இன்டரப்ட் என்று பட்டறை சொல்வதையே வைத்துக்கொண்டு, வினைச்சொற்களை மட்டும் தமிழில் எழுதினால் போதும் என்பது என் எண்ணம். நிறைகிறது, வழிகிறது, தாழ்கிறது, பொறுக்கிறது, குறுக்கிடுகிறது. இயந்திரம் புரிவது பெயர்களால் அல்ல, வினைகளால். தனித்தமிழ் அன்பர்கள் கோபிப்பார்கள். பதிவகம் என்று எழுத விரும்புகிறவர்கள் தாராளமாக எழுதட்டும், வாக்கியம் ஓடினால் சரி.

மறுப்புகள் வரும். ஏடிமெகா சில்லின் ஏவிஆர் வடிவமைப்பு நார்வேயின் டிரான்ட்ஹைம் நகரில் இரண்டு மாணவர்களிடம் பிறந்தது, அதன் டேட்டாஷீட்டே ஆங்கிலத்தில்தானே என்பார்கள். உண்மை. ஆனால் அந்த மாணவர்கள் எண்ணையும் இயந்திரத்தையும் முதலில் தம் மொழியில் யோசிக்கக் கற்றவர்கள். ஆங்கிலத்தில் எழுதுவது அவர்களுக்கு இரண்டாவது வேலையாக வந்தது. நம் பிள்ளைகளுக்குப் புரிதலும் மொழியும் ஒரே நாளில் ஒரே தேர்வாக வைக்கப்படுகின்றன. ஓசூரில் இது இன்னும் கடினம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசி, பள்ளியில் தமிழ் கற்று, கல்லூரியில் ஆங்கிலத்துக்கு வருகிறவர்கள் நிறைந்த ஊர் அது. தமிழில் எழுதுவது அவர்கள் எல்லாருக்கும் விடை ஆகாது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். கன்னடத்திலும் தெலுங்கிலும் எழுதுவதற்கும் ஆள் வேண்டும்.

ரெஜிஸ்டரை யார் தொடுகிறார்கள், ஆயத்த நூலகங்கள் இருக்கின்றன, இப்போது கேட்டவுடன் நிரல் எழுதித்தரும் செயலிகளும் வந்துவிட்டன என்பது அடுத்த மறுப்பு. அவை எழுதித்தரும் வரிகள் பெரும்பாலும் ஓடும். பதினான்காம் முறை பதினைந்தாம் முறையாகிப்போன அந்த வரிகளும் ஓடின என்பதை மறக்கவேண்டாம். டெட் டைம் சுழியமாக இருந்தாலும் நிரல் ஓடும், பலகைதான் ஓடாது. பிறர் எழுதியதைச் சரிபார்க்கும் வேலைக்கு, தானே எழுதுவதைவிட உன்னிப்பான வாசிப்பு தேவை என்று எந்தப் பத்திரிகையின் பிழைதிருத்துபவரும் சொல்வார்.

தொடங்குவதற்கு ஏடிமெகா328பியின் டைமர்1 போதும். டேட்டாஷீட் இலவசமாகக் கிடைக்கிறது, பலகை சில நூறு ரூபாய். சில்லு தெரிந்த ஒருவரும் தமிழ் தெரிந்த ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் அந்த அத்தியாயம் முப்பது பக்கத்துக்குள் அடங்கும். எழுதும்போது இடறும் இடங்கள் இரண்டை இப்போதே சொல்லிவிடலாம். நிறைந்து வழிந்ததைக் காட்டும் கொடியை இறக்க, அந்தப் பிட்டில் சுழியம் எழுதக்கூடாது, ஒன்று எழுதவேண்டும். ஒன்றை எழுதினால்தான் அது சுழியமாகும். வாசகர் அச்சுப்பிழை என்று நினைக்காதபடி இதை எப்படி எழுதுவது என்று யோசிக்கவேண்டும். மற்றொன்று டெட் டைம். இறந்த நேரம் என்றோ செத்த நேரம் என்றோ எழுதிவிடாதீர்கள், தஞ்சாவூர்ப் பக்கத்தில் செத்த நேரம் என்றால் சற்று நேரம் என்று பொருள். யோசித்துப் பார்த்தால் அந்தப் பொருள் மோசமில்லை என்றும் படுகிறது.